காதில் தொற்று உள்ள பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பலாமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் உலகம். நகரத்தில் இருப்பவர்கள் நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்த்து விடுகிறோம். ஊரில் இருப்பவர்களுக்குக் கிணறு, வாய்க்கால், கம்மாய், கடல். வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் குற்றாலம் போகாமல் திரும்புவதில்லை. இந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் ஒரு நாள் இரவு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது. விடிந்ததும் வலி கொஞ்சம் குறைந்து, "உம்மா, நான் நீச்சலுக்குப் போறேன்" என்று நிற்கிறது. கட்டிய பணம் வீணாகுமே என்று வாப்பாவுக்குக் கவலை. தண்ணீர் பட்டால் காது கெட்டுப் போய்விடுமே என்று உம்மாவுக்குப் பயம். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு 'போகலாம்', 'போகக் கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் இல்லை. காரணம், 'காது வலி' என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காதின் எந்தப் பகுதியில் தொற்று இருக்கிறது, செவிப்பறை முழுதாக இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது. ஒருவகைக் காது வலியில் தண்ணீர்தான் குற்றவாளி. இன்னொரு வகையில் தண்ணீருக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது வகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் ஆபத்து. நம் வீடுகளில் இம்மூன்றையும் ஒன்றாகவே நினைத்து, ஒன்றுக்கு உரிய வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிடுகிறோம்.

காதின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்

காதுமடலில் இருந்து உள்ளே போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அந்தக் குழாயின் முடிவில் மெல்லிய தோல் போல ஒரு திரை இருக்கிறது. அதுதான் செவிப்பறை. செவிப்பறைக்கு வெளியே இருப்பது புறச்செவி. உள்ளே காற்று நிரம்பிய சின்ன அறையாக இருப்பது நடுச்செவி. அதற்கும் உள்ளே, கேட்கும் நரம்பு தொடங்கும் இடம் உட்செவி.

செவிப்பறை முழுதாக இருக்கும்வரை வெளியில் இருந்து போகும் தண்ணீர் நடுச்செவிக்குள் நுழைய முடியாது. குளிக்கும்போது காதில் போன தண்ணீர் 'மூளை வரைக்கும் போய்விடும்' என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அப்படிப் போக வழியே கிடையாது.

நடுச்செவிக்கு வேறொரு வாசல் உண்டு. மூக்கின் பின்பக்கத்தில், தொண்டையின் மேற்பகுதியில் இருந்து ஒரு மெல்லிய குழாய் நடுச்செவிக்குப் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று இதற்குப் பெயர். நாம் கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் இது திறந்து, காதுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள காற்றழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும், சாய்வு இல்லாமல் கிட்டத்தட்டப் படுக்கைவசமாகவும் இருக்கும். அதனால் மூக்கில் இருக்கும் சளியும் கிருமியும் காதுக்கு எளிதில் ஏறிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அடிக்கடி காது வலி வர இதுவே முக்கியக் காரணம்.

தண்ணீரால் வரும் தொற்று

முதலில் புறச்செவித் தொற்று. தண்ணீரில் அதிக நேரம் விளையாடும் பிள்ளைகளுக்கே இது பெரும்பாலும் வருவதால் 'நீச்சல்காரர் காது' என்றே மருத்துவர்கள் சொல்வதுண்டு. காதுக் குழாயின் உள்தோலில் குறும்பி ஒரு மெழுகுப் பூச்சு போல இருக்கிறது. அது தண்ணீரை ஒட்ட விடாது. அதில் உள்ள லேசான அமிலத்தன்மை கிருமிகளை வளர விடாது. மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறும்போது இந்தப் பூச்சு கரைகிறது, தோல் ஊறிப் போகிறது. அதற்கு மேல் நாம் பட்ஸ் விட்டுக் குடைந்து தோலைக் கீறி வைத்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரிதான். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா இங்கே அதிகம் காணப்படும். நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பூஞ்சைத் தொற்றும் சாதாரணமாக வருகிறது. அதில் வலியைவிட அரிப்பே அதிகமாக இருக்கும்.

இதை அடையாளம் காண்பது எளிது. காதுமடலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறிய மேட்டை லேசாக அழுத்திப் பாருங்கள். அப்போது பிள்ளை துடித்தால் பெரும்பாலும் தொற்று புறச்செவியில் இருக்கிறது. சாப்பாட்டை மெல்லும்போதும் வலிக்கும். பொதுவாகச் சளியோ காய்ச்சலோ இருக்காது.

இந்தப் பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பக் கூடாது. இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. சொட்டு மருந்து போட்டுக்கொண்டே தண்ணீரிலும் இறங்கினால் மருந்து கழுவப்பட்டுப் போகும், தோல் மறுபடி ஊறும், வலி திரும்பும். வழக்கமாக 7 முதல் 10 நாட்கள் வரை காதை உலர்வாக வைத்திருக்கச் சொல்வார்கள். வலி இரண்டு மூன்று நாளிலேயே குறைந்துவிடும் என்பதால் பிள்ளையும் கேட்கும், நாமும் இளகிவிடுவோம். மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை இளகாமல் இருப்பது நல்லது.

சளியோடு வரும் தொற்று

இரண்டாவது நடுச்செவித் தொற்று. இது சளி பிடித்த சில நாட்களில் வரும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மிகவும் அதிகம். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் சேர்ந்து அழுத்துவதால் வலி கடுமையாக இருக்கும், படுத்தால் இன்னும் கூடும். காய்ச்சல் வரும். பேசத் தெரியாத குழந்தை காதைப் பிடித்து இழுக்கும், பால் குடிக்க மறுக்கும், இரவெல்லாம் அழும். காதுமடலை இழுத்துப் பார்த்தால் தனியாக வலி கூடாது. முதல் வகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

குளத்தில் குளித்ததாலோ, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதாலோ இந்தத் தொற்று வருவதில்லை. கிருமி வந்த வழி மூக்கு. ஆகவே 'நேற்று நீ குளிக்க வைத்ததால்தான்' என்று பிள்ளையின் உம்மாவைக் குற்றம் சொல்லும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பல வீடுகளில் அந்தப் பழி தேவையில்லாமல் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது.

இந்தப் பிள்ளை நீந்தலாமா? காய்ச்சலும் வலியும் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் நீந்தக் கூடாது, ஓய்வுதான் தேவை. அவை அடங்கி, மருத்துவர் காதைப் பார்த்து செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தண்ணீரின் மேற்பரப்பில் நீந்துவதில் பொதுவாகத் தடையில்லை. ஆனால் முங்குவதும் மேலிருந்து குதிப்பதும் கூடாது. தண்ணீரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் நாம் வெளியில் உணரும் காற்றழுத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அழுத்தம் கூடுகிறது. யூஸ்டேஷியன் குழாய் சளியால் அடைத்திருக்கும்போது உள்ளே அழுத்தம் சமமாகாது. செவிப்பறை உள்பக்கமாக இழுக்கப்பட்டுக் கடுமையாக வலிக்கும்.

விமானப் பயணத்திலும் இதே கதைதான். விமானம் இறங்கும்போது கைக்குழந்தைகள் கதறி அழுவதை வளைகுடாவில் இருந்து வருவோர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சளியோ காது வலியோ உள்ள குழந்தையுடன் பயணம் செய்ய நேர்ந்தால் முன்னதாக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தில் தூங்க விடாமல் பால் கொடுங்கள். பெரிய பிள்ளையாக இருந்தால் எதையாவது சப்பக் கொடுங்கள். விழுங்க விழுங்கக் குழாய் திறக்கும்.

தொற்று தீர்ந்த பிறகும் சில பிள்ளைகளுக்கு நடுச்செவியில் பசை போன்ற நீர் தங்கிவிடுவதுண்டு. வலி இருக்காது, கேட்கும் திறன் மட்டும் குறையும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகச் சரியாகும். இந்தப் பிள்ளைகள் நீந்தலாம். நீர் வடிவதற்காகச் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தப்பட்ட பிள்ளையாக இருந்தால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அனுமதித்த பிறகு சுத்தமான நீச்சல் குளத்தில் மேலாக நீந்தலாம். குளம், கம்மாய், ஆற்றுத் தண்ணீரும் ஆழத்தில் முங்குவதும் இவர்களுக்கு வேண்டாம்.

சீழ் வடியும் காது

மூன்றாவது வகைதான் நம்மை உண்மையில் கவலைப்பட வைப்பது.

இரவெல்லாம் வலியில் துடித்த பிள்ளைக்குக் காலையில் தலையணையில் சீழோ ரத்தக் கசிவோ தெரியும். வலி சட்டென்று குறைந்திருக்கும். 'அல்ஹம்துலில்லாஹ், கட்டி உடைந்துவிட்டது' என்று நாம் நிம்மதியாகி விடுவோம். உடைந்தது கட்டி அல்ல, செவிப்பறை. உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தம் தாங்காமல் அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. உரிய மருந்து கொடுத்து, காதை உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த ஓட்டை சில வாரங்களில் தானாக மூடிவிடும். கவனிக்காமல் விட்டால் மூடாது.

மூடாத ஓட்டை வழியாகக் குளிக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் நேராக நடுச்செவிக்குள் போகின்றன. ஒவ்வொரு முறையும் தொற்று, ஒவ்வொரு முறையும் சீழ். 'அவனுக்குச் சின்ன வயசில் இருந்தே காது ஒழுகும்' என்று அதைப் பிள்ளையின் ஒரு சுபாவம் போலச் சொல்லப் பழகிவிடுகிறோம். காது ஒழுகுவது சுபாவம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காதை நாட்பட்ட நோயாகவே கருத வேண்டும். நடுச்செவியில் ஒலியைக் கடத்தும் மூன்று சிறு எலும்புகள் இருக்கின்றன. தொடர்ந்து சீழ் பிடித்தால் அவை அரிக்கப்பட்டுக் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். சிலருக்குச் செவிப்பறைப் பகுதியில் தோல் தவறாக உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கும். நாற்றத்தோடு சீழ் வருவது அதன் அடையாளங்களில் ஒன்று. அதை அறுவை சிகிச்சையால்தான் அகற்ற முடியும்.

செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, அல்லது காதில் இருந்து நீரோ சீழோ வருகிறது என்றால் நீச்சல் கிடையாது. நீச்சல் குளமானாலும், கடலானாலும், அருவியானாலும் கிடையாது. குற்றால அருவியில் தலையைக் கொடுத்து நிற்பது எல்லாவற்றிலும் மோசம். ஓட்டை மூடிவிட்டதை மருத்துவர் கருவியால் பார்த்துச் சொல்லும்வரை இந்தத் தடை நீடிக்கும். சீழ் நின்றுவிட்டது என்பதால் ஓட்டை மூடிவிட்டது என்று பொருளில்லை. மூடாமலே இருந்தால் செவிப்பறை ஓட்டையை மூடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. செலவை நினைத்து வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேட்கும் திறன் குறைவதைப் பிள்ளை தானாகச் சொல்லாது. தனக்குக் குறைவாகக் கேட்கிறது என்பதே அதற்குத் தெரியாது. டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கும், கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பும், பள்ளிக்கூடத்தில் 'கவனமில்லை' என்ற பெயர் வாங்கும். மக்தபு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஸீனையும் ஷீனையும், தாலையும் ஸாயையும் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் ஒரு பிள்ளை மாற்றியே ஓதுகிறது என்றால், நாக்கைத் திருத்துவதற்கு முன் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூர்மையான ஒலிகள் சரியாகக் கேட்காத பிள்ளையால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக அடிப்பது அநியாயம். அதிலும் கன்னத்தில் காதோடு சேர்த்து அறைவது கூடவே கூடாது. அந்த ஓர் அறையிலேயே செவிப்பறை கிழிந்துபோகக் கூடும்.

வீட்டு வைத்தியம்

காது வலி என்றதும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு என்று ஏதாவது ஒன்றைக் காதில் ஊற்றுவது நம்மிடையே பரம்பரையாக இருக்கிறது. அன்போடு செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் செவிப்பறை முழுதாக இருந்தால் அந்த எண்ணெய் நோய் இருக்கும் நடுச்செவியை எட்டவே எட்டாது. ஓட்டை இருந்தால் கிருமியையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். சூடு அதிகமாகிவிட்டால் தோல் வெந்துவிடும். புறச்செவித் தொற்றில் எண்ணெய்ப் பிசுக்கு பூஞ்சைக்கு வசதியாகிவிடும். ஆக, மூன்றில் எதற்கும் அது மருந்தல்ல.

கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதில் விடாதீர்கள். குறும்பி தானாக வெளியே வரும். நாம் குடையும்போது அது உள்ளே தள்ளப்படுகிறது.

மருந்துக்கடையில் 'காது வலிக்கு ஒரு டிராப்ஸ்' என்று கேட்டு வாங்குவதும் இதே அளவுக்குத் தவறு. சில சொட்டு மருந்துகளில் உள்ள ஜென்டாமைசின் போன்ற மருந்து, செவிப்பறை ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்பைப் பாதிக்கக் கூடும். ஓட்டை உள்ள காதுக்குப் பொருத்தமான சொட்டு மருந்துகள் தனியாக இருக்கின்றன. எது என்பதைக் காதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்வரை நாம் செய்யக் கூடியது வலியைக் குறைப்பதுதான். பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல். சிரப் பாட்டில்களில் 5 மில்லியில் உள்ள மருந்தின் அளவு 120, 125, 250 மில்லிகிராம் என்று வேறுபடும். பழைய நினைவில் மூடியால் அளந்து கொடுத்துவிடாமல் லேபிளைப் படித்துக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஓதி ஊதுவதும் துஆ கேட்பதும் இருக்கட்டும். மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

காதுக்குப் பின்னால் எலும்புப் பகுதி வீங்கிச் சிவந்து காதுமடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ, தலைசுற்றலும் ஓயாத வாந்தியும் இருந்தாலோ, பிள்ளை மயக்கமாகக் கிடந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உளூ, குளிப்பு, நோன்பு

காதில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், 'பிள்ளை எப்படி உளூ செய்யும்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்விதான். உளூவில் காதுக்குத் தண்ணீர் ஊற்றுவது இல்லை. ஈரக் கையால் தடவுவதுதான் இருக்கிறது. அதுவும் நம் மக்கள் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் சுன்னத். காதைத் தடவாமல் விட்டாலும் உளூ கூடிவிடும். சீழைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகம் கழுவும்போது தண்ணீர் காதுப் பக்கம் தெறிக்காமல் கையால் கழுவினால் போதும். பள்ளிவாசல் ஹவுளில் முகத்தை முக்கி எடுக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை இந்த நாட்களில் தவிர்க்க வேண்டும்.

பருவமடைந்த பிள்ளைக்குக் கடமையான குளிப்பு வந்தால், காதுக் குழாயின் ஆழத்துக்குள் தண்ணீர் செலுத்த வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை. பஞ்சில் வாசலின் தடவிக் காதுத் துளையின் வாயில் லேசாக வைத்துக்கொண்டு தலைக்கு ஊற்றலாம். குளித்து முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். காதுமடலில் தண்ணீர் படுவதே கேடு என்று மருத்துவர் தடுத்தால், நோயாளிகளுக்குத் தயம்மும் சலுகையைக் குர்ஆன் அந்நிஸா 43ஆம் வசனத்திலும் அல்மாயிதா 6ஆம் வசனத்திலும் கூறுகிறது. கழுவ முடியாத பகுதிக்கு மட்டும் எப்படிச் செய்வது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ரமளானில் நோன்பு வைக்கும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும். காதுக்குள் போவது நோன்பை முறிக்கும் என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது. செவிப்பறை முழுதாக இருக்கும்போது மருந்து தொண்டைக்குப் போக வழியில்லை என்பதால் முறியாது என்று இக்கால அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காத வரை முறியாது என்றே முடிவு செய்தது. பெரும்பாலான காதுச் சொட்டு மருந்துகள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளைதான். மருத்துவரிடம் கேட்டு ஸஹர், இஃப்தார், தராவீஹுக்குப் பின் என்று நேரத்தை மாற்றிக்கொண்டால் பேச்சுக்கே இடமிருக்காது.

தண்ணீரைப் பகையாக்க வேண்டாம்

ஒருமுறை காது வலி வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்க்கும் வீடுகளும் இருக்கின்றன. இதையும் நாம் ஆதரிக்க மாட்டோம். குளத்திலும் கிணற்றிலும் கடலிலும் பிள்ளைகள் மூழ்கிப் போன செய்தி வராத கோடை இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு காது வலிக்கு மட்டும் பயப்படுவதில் அர்த்தமில்லை. நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று இமாம் நஸாயீ அவர்களின் அஸ்ஸுனனுல் குப்ராவில் பதிவாகியுள்ளது. மேலே சொன்ன நாட்களைத் தவிர, பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்தே, தகுந்த ஏற்பாட்டோடு நீந்தப் பழக்குங்கள்.

குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரைப் பாருங்கள். அடித்தரை தெளிவாகத் தெரியாத குளத்தில் இறக்காதீர்கள். குளோரின் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.எச். 7க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைத் தினமும் சோதித்துக் குறித்து வைப்பது நடத்துபவரின் வேலை. கேட்டால் காட்ட வேண்டும். காட்டத் தயங்கும் இடத்துக்கு நம் பிள்ளையை அனுப்ப நாமும் தயங்க வேண்டும்.

தண்ணீரை விட்டு ஏறியதும் தலையை இரு பக்கமும் சாய்த்து, காதுமடலை மெதுவாக இழுத்துவிட்டுத் தண்ணீரை வடிய விடுங்கள். துண்டின் முனையால் வெளிப்புறத்தை மட்டும் ஒற்றுங்கள். பெண் பிள்ளைகள் ஈரத் தலையோடு உடனே மக்கனா போட்டுக்கொண்டால் காதில் ஈரம் தங்கிவிடும். உடைமாற்றும் அறையிலேயே காதைக் காயவைத்த பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டலாம்.

நடுச்செவித் தொற்று அடிக்கடி வரும் பிள்ளைகளுக்குத் தண்ணீரைத் தடுப்பதைவிட வேறு சில விஷயங்கள் உதவும். குழந்தையைப் படுக்கவைத்துப் பால் புட்டி கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது. சிகரெட் புகை பிள்ளைகளின் காது நோயைக் கூட்டுகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். வாப்பாமார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் காதையும் காக்கிறது. இரண்டாண்டு பாலூட்டுவதைப் பற்றி அல்பகரா 233ஆம் வசனம் பேசுகிறது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. காது தொற்றை உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் ஒன்றை அது தடுக்கிறது. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் அது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சொட்டு மருந்து போடும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் பிள்ளைக்குத் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்னாலும், அதற்கு மேற்பட்டவரானால் மேல்நோக்கிப் பின்னாலும் இழுத்துச் சொட்டுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். வலி நின்றாலும் சொன்ன நாள் வரை போட வேண்டும்.

மருந்து முடிந்ததும் திரும்ப ஒருமுறை காதைக் காட்டி, 'நீச்சலுக்கு விடலாமா?' என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். விடலாம் என்றால், முதல் நாள் கால் மணி நேரம் மேலாக நீந்தினால் போதும். முங்குவதும் குதிப்பதும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியாளரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அன்றிரவு பிள்ளை காதைத் தொடாமல் தூங்கினால், மறுநாள் இன்ஷா அல்லாஹ் வழக்கம்போல வகுப்புக்கு அனுப்பலாம்.